பேய் வேஷத்துக்குள் இருந்தவர்

அந்தப் பேயை நான் போன மாதம்தான் நேரில் சந்தித்தேன். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பேய் ஒன்று ஊரை விரட்டும் சிரிப்புப் படம் அது. செஞ்சிக் கோட்டையில் எடுத்தது. பல வருடங்களுக்கு முன் வெளியான வாரமே படுத்துவிட்டது. "கூட்டத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டே ஓடுகிறாள், அதை வெட்டியிருக்க வேண்டாமா?" என்று விமர்சனத்தில் கிழித்தவன் நான். இன்று இளைஞர்கள் அதைத் தேடித்தேடிக் கொண்டாடுகிறார்கள். அதைப் பற்றி மறுபடி எழுதலாமென்று செஞ்சிக்குப் போனேன்.

கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்துக் காவலாளிதான் அந்த வேஷத்துக்குள் இருந்தவர் என்றார்கள். ஒடிசலான உடம்பு, நரைத்த மீசை. படத்தின் பேச்சை எடுத்ததும் செல்போனை வெயில் படாமல் தொப்பியால் மறைத்து, ஒரே ஒரு காட்சியை ஓடவிட்டார். சிரிக்கிற அந்தப் பெண் வந்ததும் நிறுத்தினார்.

"என் வூட்டுக்காரி சார். போய்ச் சேந்து மூணு வருசம் ஆவுது. மத்ததெல்லாம் போட்டோ. அவ நடமாடறது இதுல மட்டுந்தான் இருக்குது."

"எல்லாரும் பயந்து ஓடுறப்போ இவங்க மட்டும் ஏன் சிரிச்சாங்க?"

"உள்ள நான்தான்னு தெரியுமே சார். என்னைப் பாத்து அவளுக்கு இன்னா பயம்?"

மறுபடி ஓடவிட்டார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதைத்தான் வெட்டச் சொன்னவன் நான். "இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.