குறையெல்லாம் சைக்கிளுக்குத்தான்

மார்க்கெட்டுக்கு என்று சொல்லித்தான் அப்பா அந்தச் சைக்கிள்களைச் செய்தார். ஒன்றுகூட மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, கோயம்புத்தூர்ப் பக்கம் போகிற ரோட்டோரத்தில், எல்லைக்கு மலையாளப் பக்கமே எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே அப்பாவின் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, தோப்புக்காரர்களின் டிராக்டர் சாமான் என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும், கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் சைக்கிள் பிரேம் செய்யும் இடத்தில் இருந்தவர், மனசை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல ஆளுக்கு அளவெடுத்துச் சைக்கிள் செய்து விற்க வேண்டும் என்பார். பெரியப்பா எப்போது வந்தாலும், "எங்க, நம்ம சைக்கிள் டெய்லரு?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

முதல் மாடலுக்கு அளவு கொடுத்தவன் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், தங்கச்சி என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவான். அப்பா அவனைச் சுவரோடு நிறுத்தி, கால் நீளம், கை நீளம் எல்லாம் டேப்பால் அளந்தார். மெல்லிய குழாயில், குறுக்குக் கம்பியைத் தாழ்வாக இறக்கிச் செய்த பச்சை நிற வண்டி. அப்பாவோடு முன்பு வேலை செய்து, பிறகு சொந்தமாக சைக்கிள் கடை வைத்துவிட்ட ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்த்தார். "இதே மாதிரி செஞ்சு குடுங்க, வித்துக் காட்டறேன்" என்றார். அப்போதே ஆரம்பித்திருந்தால் அப்பா முதலாளி ஆகியிருப்பாரோ என்னவோ.

அதற்குள் அண்ணன் விழ ஆரம்பித்தான். முதலில் சைக்கிளிலிருந்து விழுந்தான். பிறகு வெறும் தரையில் நடக்கும்போதே விழுந்தான். எழுந்திருக்கும்போது தன் தொடைமேலேயே கையை ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல எழுவான். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். திருச்சூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்கள் எல்லோரையும் அப்பா கூட்டிப் போனார். டாக்டர் மலையாளத்தில் வெகுநேரம் பேசினார். அம்மா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி, அவளுக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. அப்பா அதைத் தமிழில் சொல்லவும் இல்லை. அண்ணனும் அந்த அறையில்தான் இருந்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்னும் ஆரம்பிக்காத மலையாளம் அவனுக்கு ஒரு பாடம் என்பது அப்பாவுக்கு நினைவு வரவில்லை போலும். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற நோய் என்பதும், அதற்கு மருந்தில்லை என்பதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தன.

ஊர் திரும்பிய மறுநாள் அப்பா பச்சை வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, "தப்பு வண்டியிலதான் சாமி. வேற மாடல் போடறேன். நீ ஓட்டிப் பாத்துச் சொல்லோணும். நீ சரின்னு சொன்னாத்தான் மார்க்கெட்டுக்குப் போகும்" என்றார்.

அண்ணன் அந்த வேலையைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். தோப்புக்குள் தண்ணீர் ஓடும் கனாலின் பாலம் வரை ஓட்டிவிட்டு வந்து, "மேடு ஏறையில செயின் இழுக்குதுங்கப்பா" என்பான். அப்பா சின்னப் பல்சக்கரம் மாற்றுவார். "காலத் தூக்கிப் போடறதுக்குக் கம்பி இடிக்குதுங்க" என்பான். அடுத்த மாடலில் கம்பியே இருக்காது. கால் முடியவில்லை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் குறையெல்லாம் சைக்கிளுக்குத்தான்.

மூன்று சக்கரம் வைத்த மாடலைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயம்புத்தூர்க் கடைக்காரர் மறுபடி வந்தார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா காலையில்தான் வண்டிக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார். முதுகு சாய்த்து உட்காரும் சீட்டு, காலை இறுக்கிப் பிடிக்கும் பெடல். கடைக்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க, அண்ணன் கிளம்பினான். நான் கூடவே ஓடினேன்.

தோப்புக்குள் திரும்பி, வீட்டார் கண்ணில் படாத இடத்துக்கு வந்ததும் கனால் மேடு. பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துப் பார்த்தான்.

"அம்மிணி, பின்னால சித்தெ கைய வெய்யி."

சீட்டின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். பாலத்தின் மேல் போய் நின்றதும் தண்ணீரைப் பார்த்தான். "அப்பாகிட்டச் சொல்லாத. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல" என்றான். வண்டி எப்படியாவது விற்றுப்போக வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறான் என்று நினைத்தேன். எனக்கும் அந்த ஆசைதான்.

இறக்கத்தில் வண்டி பறந்தது. பெல் அடித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான்.

"மேடு ஏறுச்சா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஏறுச்சுங்க. ஏறுனதே தெரியல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், மண்ணெண்ணெய்த் துணியால் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட்டை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். திரும்பி வந்து, "இது ஆகாதுங்க. இன்னொண்ணு போட்டுப் பாக்கோணும்" என்றார்.

"இப்படி மாத்திட்டே இருந்தா எதைத்தானுங்க விக்கறது? பையன்தான் அருமையா ஓட்டறானே."

"அவன் சரின்னு சொல்லட்டுமுங்க."

"அதான் சொல்லிட்டானே."

கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுப் போனார், அப்புறம் வரவே இல்லை. கைக்கு வந்த வியாபாரத்தை அப்பாவே கெடுத்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் கோபம்.

அந்தக் கோபம் அடுத்த மாடலில் தீர்ந்தது. இந்தமுறை என்னையும் சுவரோடு நிறுத்தி அளவெடுத்தார். நீளமான வண்டி, இரண்டு சீட்டு. முன்சீட்டும் ஹேண்டில்பாரும் அண்ணனுக்கு. பின்சீட்டு எனக்கு. இரண்டு பெடலுக்கும் சேர்த்து ஒரே செயின் ஓட்டம், நான் மிதித்தால் அவன் பெடலும் தானாகச் சுற்றும். "ரெண்டு பேர் சேந்து ஓட்டற மாடலுக்குத்தான் இப்பக் கிராக்கி" என்றார் அப்பா. அண்ணனின் கைகளில் பலம் இருந்தவரை அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனோம். பிறகு சக்கர நாற்காலி, பிறகு கட்டில், பிறகு அவனே இல்லை. நான் சொல்ல வந்தது அந்த வண்டி முதன்முதலாக ஓடிய நாளைப் பற்றித்தான்.

மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. முன்னாலிருந்து ஒரு துளி பலமும் வரவில்லை.

"நீ மிதிக்கவே மாட்டேங்கற. நான் ஒருத்திதான் மிதிக்கறேன்" என்றேன்.

"தெரியும் அம்மிணி. அப்பாகிட்டச் சொல்லிராத."

தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் சொல்ல மாட்டேன் என்றேன். சரி என்றான். சோம்பேறியிடம் நல்ல விலைக்குப் பேசி முடித்த பெருமை எனக்கு.

வாசலில் அப்பா எப்போதும்போல முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "எப்படி இருக்குது சாமி?"

அப்பா கேட்டால் எந்த வண்டிக்கும் ஒரு குறையாவது சொல்பவன், அன்று அப்பாவின் முகத்தையே பார்த்தான். "சரியா இருக்குதுங்கப்பா. இனி ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க."

அப்பா சக்கரத்தை விட்டு எழுந்து பட்டறைக்குள் போனார். கடைக்காரரை எப்போது வரச் சொல்லப்போகிறார் என்று கேட்க நான் பின்னாலேயே போனேன். அவர் பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க நீர் வந்தது. வண்டிதான் சரியாக அமைந்துவிட்டதே, பிறகு என்ன? ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அவள் கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டு, "வெல்டிங் வெளிச்சம் கண்ணுல அடிச்சிருக்கும்" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள்.

வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிந்தால் உருளைக்கிழங்கை வில்லையாக அறுத்து வைப்பதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். சமையல்கட்டுக்குப் போய் நானே இரண்டு வில்லை அறுத்துக்கொண்டு வந்தேன். அப்பா பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று காலையிலிருந்து அவர் வெல்டிங் மெஷின் பக்கமே போகவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கண்ணிலும் வில்லைகளை வைத்தேன். அவற்றின் அடியிலிருந்து நீர் இறங்கிக் காதுவரை வழிந்தது. எரிச்சல் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, வில்லை நழுவாமல் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.