உப்பு மூட்டையும் மாரியாயியும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் குறைந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில், பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் நான் சமையல்காரி. அங்கே கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதைச் சரிசெய்ய ஒரு மிஷின் இருந்தது. நுரை குறைந்தால் அதில் உப்புப் போடுவது என்னோடு வேலை செய்த மாரியாயியின் வேலை. இரண்டு மாதம் வரும் மூட்டை, துரையின் சொந்தக்காரர்கள் வந்து தங்கியதும் ஒரே மாதத்தில் தீர்ந்தது.

“ஆளு கூடிருச்சுக்கா. தண்ணி ஓட ஓட மிஷினும் உப்புக் கேக்குது” என்றாள் மாரியாயி.

“கேக்குதா? வாய் அதுக்கா இருக்கு, உனக்கா?”

துரையின் மனைவி துரைசாணியிடம், அவள் உப்பைத் திருடுகிறாள் என்று சொன்னேன். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிறகு புது மூட்டையிலிருந்து நானே உப்புப் போட்டேன்; சொந்தக்காரர்கள் இன்னும் போகவில்லை. அந்த மூட்டையும் ஒரே மாதத்தில் தீர்ந்தது. அவள் திருடவில்லை என்று தெரிந்தும், பயத்தில் துரைசாணியிடம் அதைச் சொல்லவில்லை. அவள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். விலாசம் தெரியாது.

மிஷினைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். மாரியாயியைப் பற்றி எழுதியதில் பிழை இல்லை.