நூல் கோக்காத மெஷின்

உள்ளறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டியா? உங்க அண்ணி நல்லாத்தான் இருக்கா," என்றார் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர், தன் தங்கையிடம்.

தங்கை காதைத் தீட்டிக்கொண்டாள். ரவிக்கையின் கழுத்து வளைவு வந்தால் எந்த மெஷினும் கொஞ்சம் தயங்கும். ஓரம் திரும்பும்போது நிற்கும். இதுவோ முடிவே இல்லாத துணியைத் தைப்பதுபோல் ஓடியது. அந்த அறையைப் பெருக்குகிறவளும் அவள்தான். கொஞ்ச நாளாக ஒரு நூல் பிசிறுகூட முறத்தில் விழவில்லை.

"சோறு இறங்கல, தூக்கம் இல்ல. அப்படிப்பட்டவ நாள் பூரா தைக்கிறான்னா நம்பறியாண்ணா?"

"பின்ன உள்ள என்ன, சினிமாவா ஓட்டறா?"

அவள் மெல்லக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். மெஷினில் நூல் இல்லை. ஊசிக்கடியில் துணி இல்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருக்க, அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. அதுதான் தங்கையின் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸோடு வந்தாள்.

"இவங்க மனநலப் பிரிவு சிஸ்டர், அண்ணி. நான்தான் கூப்பிட்டேன்."

மெஷின் நின்றது.

"ஊசி போட வந்தீங்களா? என்கிட்டயே ஒரு டப்பா இருக்கு."

"உங்க ஊசி சும்மா ஓடுதாமே. அதைப் பாக்கத்தான் வந்தேன்."

தையல்காரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நர்ஸ் நூல் விட்டுப் பார்க்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு நேராகக் கேட்டாள்.

"நூல் இல்லாம எதுக்கும்மா ஓட்டறீங்க?"

இப்படி ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

"சத்தம் நின்னா அவர் வந்து என்னாச்சும்பார். என்னாச்சுன்னு எனக்கே தெரியல சிஸ்டர். துணிய எடுத்தா கை நகர மாட்டேங்குது. சத்தம் கேட்டா வீட்ல எல்லாரும் நிம்மதியா இருக்காங்க."

கணவர் தண்ணீர்ச் சொம்போடு அறை வாசற்படியில் நின்றிருந்தார். எந்தச் சத்தத்தைக் கேட்டு இத்தனை நாளும் கண்ணயர்ந்தாரோ, அது அவளுடைய அழுகை என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா பைத்தியம்னு எழுதிடுவாங்களா?" என்று கேட்டாள் தையல்காரி.

"அப்படி எழுத மாட்டாங்க. மனச்சோர்வு மாதிரி தெரியுது, டாக்டர் பாத்துச் சொல்லட்டும். மாத்திரை இருக்கு, உக்காந்து பேசற வைத்தியமும் இருக்கு. ஒரே நாள்ல தீராது, வாரக்கணக்குல மெல்லத்தான் குறையும்."

"அதுவரைக்கும்?"

"மெஷின் சும்மா கிடக்கட்டும். உங்களுக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க."

"நான் லீவு போட்டுக் கூட்டிட்டு வரேன்," என்றார் கணவர்.

"நீங்க வேண்டாம். வழி பூரா பஸ்ஸ ஓட்டற டிரைவரத் திட்டிட்டே வருவீங்க. இவ வரட்டும்," என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சிரித்தார். கண்ணீர் பொலபொலவென்று சொம்பில் விழுந்தது.

நர்ஸ் எழுந்தாள். தையல்காரியும் எழுந்து, சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள்.

"திங்கக்கிழமை வரேன் சிஸ்டர்."

நர்ஸ் தெருவில் இறங்கியதும் அவளே கதவைச் சாத்தினாள். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. என்னாச்சு என்று யாரும் கேட்கவில்லை.