கை பட்ட எலும்பு

ஆய்வகத்தில் அவளுக்கு எலும்பக்கா என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது. இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். குற்றத் தடய ஆய்வகத்தின் பின்பக்கம், குளிர்பெட்டிகளைத் தாண்டிப் போனால் ஒரு கழுவும் அறை. இரண்டு தொட்டி, ஒரு நீள மேசை, ஓயாமல் இரைகிற காற்றாடி. அடையாளம் தெரியாத எலும்புகளைக் காவல்துறை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து போடும். அவற்றை மண் போகக் கழுவி, உலர்த்தி, மேல்பக்கத்தைச் சுரண்டி, மாவாக அரைத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த மாவிலிருந்துதான் உள்ளே இருப்பவர்கள் டி.என்.ஏ. எடுப்பார்கள்.

அவளுக்கு வாய் ஓயாது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றால் பேச்சு தொடங்கிவிடும். அந்த அறையில் பேச்சுத்துணைக்கு வேறு ஆள் இல்லை, அதனால் எலும்புகளோடு பேசினாள். "வா ராசா, எங்கடா சுத்திட்டு வந்தே இவ்வளவு மண்ணோட? உங்கம்மா பார்த்தா என்ன சொல்லுவா?" என்று மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவுவாள். பெண் என்று தெரிந்தால் ராசா என்பது தாயி ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் கதவருகே நின்று கேட்டுவிட்டு, அக்காவுக்கு மரை கழன்றிருக்கிறது என்று முடிவுகட்டுவார்கள். அப்படி ஒன்றும் கழலவில்லை. வீட்டில் ஒரு ஆள் குறைந்துபோன பிறகு, பேசக் கிடைத்த இடத்தில் பேசினாள்.

குறைந்துபோன ஆள் அவளுடைய ஒரே மகன். அம்மா செய்கிற வேலை வயது ஏற ஏற அவனுக்குக் கசந்தது. ஒருநாள் தட்டில் சோறு வைத்தபோது, "அந்தக் கையால போடாதம்மா, கரண்டியால போடு" என்றான். அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். "இந்தக் கைதான்டா உன்னை வளர்த்துச்சு. பிடிக்கலேன்னா கை சுத்தமா இருக்கிற வீடாப் பார்த்துப் போ" என்றாள். எந்தத் தாயும் கோபத்தில் சொல்கிற பேச்சுதான். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்து போனான். அதன்பிறகு வரவே இல்லை.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கால் தேயத் தேடினார், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். காணாமல் போனவர்களைப் பெற்றவர்கள் ரத்தம் கொடுத்துவைத்தால், கிடைக்கிற எலும்புகளோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உன் ஆபீஸ்லதானே பார்க்கிறாங்க? ரெண்டு பேரும் போய்க் கொடுத்துட்டு வந்துடுவோம்" என்றார்.

"எலும்போட ஒத்துப் பார்க்கிறதுக்கு என் புள்ள என்ன செத்தா போயிட்டான்?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "கோவிச்சுட்டுப் போனவன் கோபம் தீர்ந்தா வருவான். ரத்தம் கொடுத்தீங்கன்னா அப்புறம் என் முகத்துல முழிக்காதீங்க." அவர் ரத்தம் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அவளிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஆய்வகத்தில் மகனைப் பற்றி யாராவது கேட்டால், வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறான் என்பாள். போகப் போக அந்தப் பொய் மகனுக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்தாள்.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் கழித்து, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் தண்ணீர் வற்றியபோது கிடைத்ததென்று ஒரு பெட்டி வந்தது. தலை இல்லை, தொடையெலும்பும் சில சில்லறை எலும்புகளும்தான். தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்து நைந்திருந்தன. வழக்கம்போலக் கழுவினாள், வழக்கம்போலப் பேசினாள். "இப்படி ஊறிப் போயிருக்கியேடா ராசா. உங்கம்மா தேடுவாளே. சீக்கிரம் பேரைச் சொல்லிட்டு வீடு போய்ச் சேரு" என்று சொல்லிக்கொண்டே துடைத்து உலர்த்தி அரைத்துக் கொடுத்தாள்.

முடிவு வந்தபோது, சோதனை செய்த மேடம் நேராகக் கழுவும் அறைக்கு வந்துவிட்டார். ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லோருடைய ரத்தமும் அங்கே பதிவில் உண்டு. கைதவறித் தொட்டாலும் தும்மினாலும் உடனே தெரிந்துவிடும். நம் வீட்டுத் திருடனை முதலில் பிடிக்க வேண்டும் என்று இயக்குநர் அதற்கு விளக்கம் சொல்வார். குவாரி எலும்பில் எலும்பக்காவின் அடையாளம் விரவிக் கிடந்தது. இடையிடையே வேறு யாருடையதோ.

"முகமூடி சரியாப் போட்டிருந்தீங்களா? வேலை செய்யும்போது பேசுனீங்களா?"

"பேசுனேன்தான் மேடம். ஆனா எப்பவும் பேசுவேனே, இதுவரைக்கும் எதுவும் ஆகலையே."

"இப்ப ஆகியிருக்கு" என்றார் மேடம்.

மறுபடியும் சோதித்திருந்தால் எல்லாம் துலங்கியிருக்கும். ஆனால் அதற்கான ரசாயனப்பெட்டி வெளியிலிருந்து வரவேண்டும், ஆய்வகத்தின் நிதியோ எப்போதும் இழுபறி. இருக்கிற கொஞ்சமும் நீதிமன்றத்தில் தேதி குறித்த வழக்குகளுக்குத்தான் போகும். பெயர் தெரியாத எலும்புக்காக வாதாட எந்த வக்கீல் வருவார்? பெட்டியில் 'கலப்பு' என்று சிவப்பு வில்லை ஒட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்கள்.

அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து கழுவும் அறையில் பேச்சு நின்றது. முகமூடிமேல் முகமூடி போட்டு, ஓரத்தில் பிளாஸ்திரியும் ஒட்டிக்கொண்டாள். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. புதிதாக வந்தவர்கள் அக்காவை ரொம்ப அமைதியானவள் என்று நினைத்தார்கள். ஓய்வு பெறும் காலம் நெருங்க நெருங்க, அந்தச் சிவப்பு வில்லை அவள் கண்ணில் முள்ளாக உறுத்தியது. ஒரே ஒரு கரும்புள்ளியோடு வெளியே போக வேண்டுமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வகத்தோடு கைகோத்தது. கெட்டுப்போன சோதனைகளை ஆராய்வதற்கென்றே எங்கிருந்தோ பெரிய நிதி வாங்கியிருந்தார்கள். கருவி அவர்களுடையது, கலப்பு என்று ஒதுக்கிய எலும்புகள் இவர்களுடையவை. "நல்லா வேலை பார்த்தப்ப எல்லாம் பணம் கேட்டுக் கெஞ்சினேன், ஒருத்தனும் தரலை. இப்ப நம்ம குப்பைக்குக் கொட்டிக் கொடுக்கிறாங்க" என்று இயக்குநர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணை எலும்பக்கா முதல் நாளே வளைத்துப் போட்டுவிட்டாள். தேநீர் கொண்டுபோய் வைப்பாள், மேசையைத் துடைத்துக் கொடுப்பாள். "பாப்பா, அந்தக் குவாரிப் பெட்டியை முதல்ல பாரேன். நான் கையுறை இல்லாம ஒரு எலும்பைக்கூடத் தொட்டவ இல்லை. போறதுக்குள்ள என் பேரு சுத்தமாகணும்."

"வரிசைப்படிதான் பார்க்கணும் அக்கா."

"வரிசை எங்க ஓடிப் போகுது? எனக்காகப் பாரு."

நச்சரிப்பு தாங்காமல் அந்தப் பெண் குவாரிப் பெட்டியை முதலில் எடுத்தாள்.

ஒருநாள் காலை மேடம் கழுவும் அறைக்கு வந்தார். பின்னால் ஆராய்ச்சிப் பெண், கதவோடு நின்றுவிட்டாள். மேடம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் மேடம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, குவாரி எலும்பை மறுபடியும் பார்த்தோம். தப்பு உங்கமேல இல்லை. உங்க கையும் படலை, எச்சிலும் படலை."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகமூடியைக் கழற்றி வீசினாள். "நான்தான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! யாரு கேட்டீங்க? பேசாதே பேசாதேன்னு என் வாயையே கட்டிப்போட்டுட்டீங்க மேடம். இருங்க, இன்னைக்கு எல்லாருக்கும் நான்தான் தேநீர் வாங்கித் தரப்போறேன்." சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா?"

மேடம் எலும்பக்காவின் கையைப் பிடித்தார். "கை பட்டிருந்தா உங்க அடையாளம் முழுசா இருக்கணும் அக்கா. இதுல அப்படி இல்லை. எல்லா இடத்துலயும் பாதிதான் உங்களோடது. நான்தான் அன்னைக்கு அவசரத்துல தப்பாப் படிச்சுட்டேன்." கையை விடாமலே கேட்டார். "உங்க பையன் வெளியூர்லதானே இருக்கான்? அவன்கூடப் பேசி எவ்வளவு நாளாச்சு?"

பெற்ற பிள்ளையில் பாதி தாய், பாதி தகப்பன். அந்தக் கட்டடத்தில் இத்தனை காலம் இருந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அழுகை வரவில்லை, குரல்தான் வந்தது.

"அன்னைக்கு அவன்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? உங்கம்மா தேடுவாளேன்னு சொன்னேன். அவன்கிட்டயே சொன்னேன்."

மேடம் அவளை அணைத்துக்கொள்ள எழுந்தார். அவள் விலகி, கீழே கிடந்த முகமூடியை எடுத்து மறுபடி கட்டிக்கொள்ளப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை.

"வேண்டாம் மேடம், அந்தச் சிவப்பு வில்லையைப் பிரிக்காதீங்க. நான் பேசுனேன், பேசுனேன்தானே? எச்சில் பட்டிருச்சு. கையுறையும் போட்டிருக்க மாட்டேன். என் கைதான் பட்டுச்சுன்னே எழுதிடுங்க. தப்பு என்மேலயே இருக்கட்டும்."