அக்காவுக்குக் கிடைத்த பிரான்ஸ்

பிரான்ஸ் நாட்டின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனாலும் வேலையிடத்தில் யாராவது, "விடுமுறைக்குப் பிரான்ஸ் போனோம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டினோம்" என்று கைபேசியை நீட்டிப் படம் காட்டினால், என் வயிறு பத்து வயதுப் பிள்ளையின் வயிறு போல எரியத் தொடங்கிவிடும். நல்லாயிருக்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன்.

இது தொடங்கியபோது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. மெல்பேணில், நோபல் பார்க்கில் இருந்தோம். அப்பாவுக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய எழும்பி, உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டையும் மஞ்சள் ஜெர்சியும் மாட்டிக்கொண்டு டண்டினோங் மலைப்பக்கம் புறப்பட்டுவிடுவார். அந்தக் காற்சட்டையோடு அவர் வாசலில் நின்று சில்லுக்குக் காற்றடித்தால், எதிர்வீட்டு அன்ரி யன்னல் திரையை இழுத்து மூடுவார். மற்றது, ஜூலை மாதத்தில் தொலைக்காட்சியில் வரும் பிரான்ஸ் சைக்கிள் போட்டி. பதிவுசெய்து வைத்துப் பின்னேரங்களில் பார்ப்பார். ஓட்டக்காரர்கள் மலை ஏறிக்கொண்டிருக்கும்போது, ஹெலிகொப்டரில் இருந்து பழைய கோட்டைகளையும் தேவாலயங்களையும் காட்டுவார்கள். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கோட்டைகளுக்காகவே அப்பாவின் மடியில் இருந்து முழுப் போட்டியையும் பார்ப்பாளாம். இது நான் பிறப்பதற்கு முந்திய கதை. ஆகவே அதில் எனக்குப் பங்கில்லை.

அக்காதான் முதலில் அப்பாவின் சைக்கிள் கூட்டாளி. பிறகு ஒருநாள் அவள் அதை விட்டுவிட்டாள். அவளுடைய சைக்கிள் கராஜ் சுவரில் தூக்கிக் கொழுவப்பட்டது. வெறுமையான இடத்துக்கு நான் வந்து சேர்ந்தேன். ஓடைக்கரைப் பாதையில் அப்பா முன்னுக்கு, நான் பின்னுக்கு. அது அப்பாவின் சட்டம். பலமானவர் முன்னுக்குப் போக வேண்டும். காற்று முழுவதையும் அவர்தான் வாங்க வேண்டும். அவருடைய பின்சில்லுக்குக் கிட்ட ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு மிதிப்பது பாதிக்குப் பாதி சுகம். எனக்கு அப்பாவின் அகலமான மஞ்சள் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருடம் வீட்டில் எல்லாமே அக்கா பக்கம் போகத் தொடங்கியது. முதலில் என் அறை போனது. அம்மா அப்பாவின் அறைக்குப் பக்கத்து அறை என்னுடையது. அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு என்னை உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் போட்டார்கள். பிறகு அம்மா போனார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில், நிலத்தில் மெத்தை விரித்துப் படுக்கத் தொடங்கினார். அக்கா பாதி நாட்கள் பள்ளிக்கூடம் போகவில்லை, யாரும் ஏசவில்லை. நான் வயிற்றுக்குத்து என்று படுத்தால் கொத்தமல்லித் தண்ணீரைப் பருக்கி அனுப்பிவிடுவார்கள். அக்கா புட்டைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தால், "வேற என்ன குஞ்சு செய்து தர?" என்று அம்மா கெஞ்சுவார். குஞ்சு என்பது என்னைக் கூப்பிடும் பெயர். அதுவும் போயிற்று.

அக்காவுக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உடம்பில் ஒரு காயக்கட்டுக்கூட இல்லை. இதென்ன சுகமில்லாமை என்று நான் யோசித்தேன். குசினியில், சமையல் சாமான்களுக்குப் பக்கத்தில், மருந்துகள் வைக்கும் அலுமாரிக்கு அப்பா ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் போட்டார். தோடம்பழச் சுவை விற்றமின் குளிசைகளை நான் களவாகச் சாப்பிடுவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வெட்கத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அக்காவின் அறைக்கதவில் இருந்த பூட்டை அப்பா கழற்றியபோது மட்டும், சரி, அவளுக்கும் ஒரு தண்டனை கிடைத்ததே என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அப்பா செப்டெம்பர் விடுமுறைக்கு அக்காவைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். பாரிசில் இருக்கும் சித்தப்பா இரண்டு சைக்கிள்களை ஒழுங்கு பண்ணி, பேர்கண்டி மலைகளில் கொண்டுபோய் விடுவாராம். அங்கே இருந்து இரண்டு பேரும் ஊர் ஊராகச் சைக்கிள் ஓடுவார்களாம்.

"அப்ப நான்?" என்றேன்.

"நீ அம்மாவுக்குத் துணை" என்றார் அப்பா.

சைக்கிளைத் தொட்டே இரண்டு வருடமான ஆளுக்குப் பிரான்ஸ். ஞாயிறு தவறாமல் மூச்சிரைக்க மிதிக்கிற எனக்கு நோபல் பார்க். நான் மூன்று நாள் அப்பாவோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அவர்கள் போன பிறகு வந்த சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் அம்மாவுக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் மறித்துக்கொண்டார். "எங்க, மூத்தவளையும் தகப்பனையும் காணேல்லை?"

"பிரான்சுக்குப் போயிட்டினம். அவள் நல்ல மார்க்ஸ் எடுத்தவள். அதுக்கு அப்பா குடுத்த பரிசு" என்றார் அம்மா.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. அக்கா அந்தத் தவணைச் சோதனைக்கே போகவில்லை. எல்லாப் பாடத்துக்கும் ஏ எடுத்தவள் நான்தான். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை எலும்பு நோக இறுக்கினார். அன்ரி தன் மகனைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா, மார்க்ஸ் எடுத்தால் என்ன கிடைக்குமெண்டு" என்றார். அந்தப் பாவம் தலையைக் குனிந்துகொண்டான்.

காருக்குள் ஏறியதும் நான் கத்தினேன். "தட்ஸ் நொட் ஃபெயர், அம்மா!"

அம்மா என் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். பிறகு, "ஓம், ஃபெயர் இல்லைத்தான்" என்றார். மார்க்ஸ்தான் வழி என்றால் மார்க்ஸையே எடுத்துக் காட்டுகிறேன் என்று முடிவெடுத்தேன்.

அங்கே இரவாகும்போது இங்கே விடியும். நான் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அம்மாவின் கைபேசியில் படங்கள் வரும். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள். அவற்றுக்கு நடுவே வளைந்து ஏறும் ஒடுங்கிய தெரு. அதில் நீல ஜெர்சியோடு அக்காவின் முதுகு. குளூனி என்ற ஊரில் ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய தேவாலயமாக இருந்து இடிந்துபோன மடாலயம். மிஞ்சி நிற்கும் கோபுரத்தின் கீழே அக்காவின் முதுகு. சொலுத்ரே என்ற இடத்தில் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல எழும்பி நிற்கும் பாறை. ஆதிமனிதர்கள் அதன் அடியில் குதிரை வேட்டையாடினார்களாம். அந்தப் பாறைக்கு முன்னாலும் அதே முதுகு. பாதிப் பாறையை அது மறைத்துக்கொண்டு நின்றது.

படத்துக்குக் கீழே அப்பா ஒரு வரி எழுதுவார். கோட்டையைப் பற்றியோ மலையைப் பற்றியோ இல்லை. "இண்டைக்கு அரைப் பாண் சாப்பிட்டவள்." அம்மா அதை இரண்டு தரம் வாசிப்பார். "அரைப் பாணாம்!" என்று ஏதோ அக்கா மலையையே தூக்கிவிட்டது போலச் சொல்லுவார். நான் தினமும் அவர் கண் முன்னாலேயே நாலு துண்டு பாண் சாப்பிட்டேன். அதைப் பற்றி யாரும் பிரான்சுக்கு எழுதவில்லை.

எல்லாப் படங்களிலும் அக்காதான் முன்னுக்குப் போகிறாள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பலமானவர் முன்னுக்கு என்ற சட்டம் என்னவாயிற்று?

"அப்பா ஏன் அவளை முன்னுக்கு விடுறார்? காத்து முழுக்க அவளுக்குத்தானே" என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"அப்பாவுக்கு இப்ப அவளைப் பாத்துக்கொண்டு போகோணும்" என்றார் அம்மா.

என்னைப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை என்று நினைத்துக்கொண்டு ஐந்தாவது துண்டுப் பாணுக்கும் பட்டர் பூசினேன்.

திரும்பி வருவதற்குக் கொஞ்சம் முன்னர் ஒரு படம் வந்தது. அங்கே திராட்சை அறுவடைக் காலம். தெருவோரம் பழம் வெட்டிக்கொண்டு நின்றவர்கள் அக்காவுக்கு ஒரு குலை கொடுத்திருக்கிறார்கள். அவள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பின்னால் திரும்பிச் சிரிக்கிறாள். பல்லெல்லாம் ஊதா. முதல் தடவையாக முதுகு இல்லாமல் முகம்.

அம்மா குசினிக் கதிரையில் பொத்தென்று இருந்து, கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அம்மாவுக்கும் பொறாமை! பாவம், இவ்வளவு நாளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். நான் கிட்டப் போய் முதுகைத் தடவி, "கவலைப்படாதேங்கோ. அடுத்த முறை நாங்கள் ரெண்டு பேரும் போவம், அவையள் இங்க நிக்கட்டும்" என்றேன். அம்மா அழுகைக்குள்ளேயே சிரித்தார். என்னை இழுத்துக் கட்டிப்பிடித்த பிடியில் என் காது நசுங்கியது.

வந்திறங்கிய அக்கா கறுத்துப்போயிருந்தாள். எனக்கென்று ஒரு கல் கொண்டுவந்திருந்தாள், திராட்சைத் தோட்டத்து வெள்ளைக் கல். மண் இருந்தால் மெல்பேண் விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று அப்பா அதைப் பல்துலக்கும் பிரஷால் உரஞ்சிக் கழுவினாராம். நோபல் பார்க்கில் இல்லாத கல்லா என்று நான் அதை வாங்கி மேசையில் வீசினேன். அக்கா இப்போது சிட்னியில், மெரிலேண்ட்ஸில் இருக்கிறாள். இன்னும் சைக்கிள் ஓடுகிறாள். போன மாதம் தொலைபேசியில் இந்தக் கல்லைப் பற்றிக் கதை வந்தபோது, "நீ இன்னும் பிரான்சை விடேல்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள். விடவில்லை என்றேன். கல் என் மேசையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த வருட டிசெம்பரில் என் பள்ளிக்கூட அறிக்கை வந்தது. எல்லாம் ஏ. நடத்தைக்கும் ஏ. அதை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். அப்பா குந்தியிருந்து என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் சைக்கிள் சுவரில் இருந்து இறங்கி, துடைத்துப் பளபளவென்று பக்கத்தில் நின்றது.

"எல்லாம் ஏ" என்றேன். "இப்ப என்னையும் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போறீங்களா? அக்காவைக் கொண்டுபோன மாதிரியே?"

அப்பா அறிக்கையை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார். என் சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"உனக்கு அப்பிடி ஒரு பயணம் வரவே கூடாது, குஞ்சு."

குஞ்சு என்று கூப்பிட்டது கூட எனக்கு உறைக்கவில்லை. வரவே கூடாதாம்! பெற்ற தகப்பன் வாயால் வந்த சாபம். அழுதால் அக்கா கண்டுவிடுவாள் என்று ஹெல்மெட்டைப் போட்டு, வாரைத் தாடை நோக இறுக்கிக்கொண்டேன்.

அன்று மூன்று பேரும் ஓடைக்கரைப் பாதையில் போனோம். அப்பா அக்காவை முன்னுக்கு விட்டார். என்னை நடுவில் போட்டார். தான் கடைசியாக வந்தார். அவர் எங்களுக்கு முன்னுக்குப் போனதை அதற்குப் பிறகு நான் பல வருடங்களுக்குக் காணவில்லை. எதிர்க்காற்று பலமாக இருந்தது. அக்கா அதை ஒற்றையாளாக வாங்கிக்கொண்டு குனிந்து மிதித்தாள். எனக்கு முன்னிடம் இல்லை, அப்பாவின் மஞ்சள் முதுகும் இல்லை. இப்போது பின்னால் வருகிறாரே, என்னையாவது பார்க்கட்டும் என்று ஹாண்டிலில் இருந்து கையை விட்டு ஓடினேன், எழும்பி நின்று மிதித்தேன், திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருமுறைகூட அவர் கண் என் மேல் இல்லை. என் தலைக்கு மேலால் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். பிரான்ஸ் முழுக்க இரண்டு கிழமை பார்த்த பிறகும் பார்த்து முடியாமல் அந்த முதுகில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.