வளைகோட்டில் ஒரு பல்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் சாயங்கால இடி இலவசம். அப்படிப்பட்ட ஊரில், இடியைக் கம்ப்யூட்டருக்குள் விழவைத்துப் பார்க்க அழகியநம்பிக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. அரசாங்கத்தையும் குறை சொல்ல முடியாது, அவரையும் குறை சொல்ல முடியாது. வெளியே விழுகிற இடி கூப்பிட்ட நேரத்துக்கு வராது. உள்ளே விழுவது வரும்.

சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கொண்டியும் விற்கிற நாஞ்சில்நாட்டுக் குடும்பம் அவருடையது. அண்ணன்மார் எல்லாரும் கல்லாவில் உட்கார்ந்துவிட, இவர் மட்டும் இன்ஜினீயரிங் படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் டெலிபோன்களுக்குப் பாதுகாப்புப் பெட்டி செய்யும் ஓர் அரசுக் கம்பெனியில் இருந்தார். பெட்டிக்குள் உயிர்நாடி ஒரு வாயுக் குழாய். கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் உலோகம், நடுவே அடைத்துவைத்த வாயு. மற்ற நாட்களில் மின்சாரத்தை மறித்துக்கொண்டு சும்மா கிடக்கும். கம்பி வழியாக மின்னல் வந்தால் உள்ளே பொறி பாய்ந்து, வந்ததை அப்படியே மண்ணுக்குள் தள்ளிவிடும். டெலிபோன் பிழைத்துக்கொள்ளும். எத்தனை வோல்ட்டில் அந்தக் குழாய் கண் விழிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் நம்பியின் வேலை.

கம்ப்யூட்டருக்கு மின்தடை தெரியும், மின்தேக்கி தெரியும். வாயுக் குழாய் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எனவே நம்பி கணக்குக்குள் ஓர் ஆப்-ஆம்ப்பை, அதாவது மின்னழுத்தங்களை ஒப்பிட்டுப் பெருக்கும் ஒரு சின்னச் சுற்றை, காவலுக்கு வைத்தார். வோல்ட் எல்லை தாண்டுகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். தாண்டியதும் கதவைத் திறந்துவிடும். மின்னோட்டம் அடங்கும்வரை மூடாது. நிஜமான ஆப்-ஆம்ப் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் போகச் சொன்னால் மறுத்துவிடும். கணக்கில் மட்டும் இருக்கும் காகித ஆப்-ஆம்ப் ஆயிரம் என்றாலும் தலையாட்டும், லட்சம் என்றாலும் தலையாட்டும். இப்படி ஓர் ஊழியர் கிடைத்தால் எந்தக் கம்பெனிதான் வேண்டாம் என்னும்?

கம்ப்யூட்டர் வேறொரு நிறுவனத்துடையது. காலையில் துளையிட்ட அட்டைக்கட்டைக் கொடுத்தால் மறுநாள் அகலக் காகிதத்தில் நட்சத்திரக் குறிகளாக வளைகோடு அச்சாகி வரும். அது உண்மைதானா என்று அளந்து சொல்ல வேண்டியவர் வேலப்பன். கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உயர் மின்னழுத்த யந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவர். பாறசாலைக்காரர், பாதி தமிழ், பாதி மலையாளம், மீதி மீசை. மின்னலையைக் காட்டும் ஸ்கோப்பின் திரையில் தெரியும் கோட்டைப் படமெடுக்க பிலிம் வேண்டும் என்று எழுதிய கடிதத்துக்கு மேலிடத்திலிருந்து பதிலே வரவில்லை. அதனால் வேலப்பன் கண்ணால் பார்த்துக் கண்ணாடித் தாளில் கையால் வரைந்து தருவார். அவர் கோடு போட்டால் ஸ்கேல் வெட்கப்படும்.

மதியச் சோற்றுக்கு இருவரும் கொட்டகையில்தான் உட்காருவார்கள். நம்பியின் மனைவி சொர்ணம்மாள் வைத்த தீயல் குழம்பு வேலப்பனுக்குப் போகும். வேலப்பன் கொண்டுவரும் கப்பைக் கிழங்கு நம்பிக்கு வரும். முதல் தடவை வேலப்பன் அளந்து கொடுத்த கோடு நம்பியின் கோட்டோடு ஒட்டவே இல்லை. அன்று நம்பி கப்பையைத் தொடவில்லை. கணக்கைத் திருத்திப் புதிதாக அச்சடித்து வந்தார். திரையில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியட்டுமே என்று தன் கோட்டின் நகல் ஒன்றையும் வேலப்பனிடம் கொடுத்தார். அந்த முறை ஒட்டியது. அடுத்த முறையும் ஒட்டியது. பிறகு ஒட்டாத முறையே இல்லை. பெட்டிகள் தென் ஜில்லாக்களின் எக்ஸ்சேஞ்சுகளுக்கெல்லாம் போயின. நம்பி தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று சொர்ணம்மாள் சொல்லிச் சிரிப்பாள்.

டெல்லியிலிருந்து கமிட்டி வந்த அன்றுதான் அது நடந்தது. பிரிவுத் தலைவி ராகேல் மேடம் இருட்டாக்கிய அறையில், புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த நம்பியின் கோட்டின்மேல் வேலப்பன் காலையில் தந்த தாளை மெல்லச் சரித்து வைத்தார். இரண்டும் ஒன்றாகின. கமிட்டி கைதட்டியது. அப்போது நம்பி பல்லைப் பார்த்தார்.

பல் என்று அதற்குப் பேர் வைத்தவரே அவர்தான். அந்த மாதம் கம்ப்யூட்டர் நேரத்தைக் குறைத்துவிட்டதால், கணக்கை அவர் சின்னச் சின்ன அடியாக நகர்த்தாமல் பெரிய பெரிய எட்டாக எடுத்து வைக்க நேர்ந்தது. குழாய் சட்டென்று திறக்கிற இடத்தில் அத்தனை பெரிய எட்டு தடுக்கி, கோடு மேலும் கீழுமாக ஒரு துள்ளு துள்ளியிருந்தது. நிஜக் குழாயில் அந்தத் துள்ளல் கிடையாது. அது கணக்கின் தடுமாற்றம். கம்ப்யூட்டருக்கு வெளியே உலகத்தில் எங்கும் இல்லாத சமாச்சாரம். வேலப்பன் அளந்த கோட்டில் அதே பல் அதே இடத்தில் இருந்தது.

நம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடக்கமான மனுஷர் என்று கமிட்டி குறித்துக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்தில் தாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

"இந்தப் பல்லு உன் ஸ்கோப்புல எப்படிவே வந்துது?"

வேலப்பன் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அண்ணன் தந்ததுல உண்டாயிருந்துதே."

"நான் தந்தது கணக்கு. நீ அளந்தது எங்க?"

வேலப்பன் பாத்திரத்தை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "மொதல் வாட்டி ஒழுங்கா அளந்துதான் தந்தேன், அண்ணே. ஒத்துவரல்ல. அன்னைக்கு நீங்க ஒரு துண்டு கப்பைகூட எடுக்கல்ல. எனக்கு மனசுக்கு வெஷமமாயிட்டுது. பின்னே யோசிச்சேன், அண்ணன் போட்ட கணக்கு தப்புமா? எதுக்கு வீணா அளக்கணும்?"

சோம்பேறித்தனம் என்றால் திட்டியிருக்கலாம். லஞ்சம் என்றால் காறித் துப்பியிருக்கலாம். பிரியத்தால் செய்த குற்றத்துக்கு மெமோ கொடுக்க எந்த அலுவலகத்திலும் படிவம் அச்சடிக்கவில்லை.

"நான் உன்னை வச்சுல்லா என்னை நம்பினேன்," என்றார் நம்பி. தீயல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கொட்டகையிலிருந்து நேராக ராகேல் மேடத்திடம் போய், அளவுகள் எதுவும் அளவுகள் அல்ல என்று சொன்னார். யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெட்டி போன இடத்திலிருந்து ஒரு புகார்கூட வரவில்லையே என்றார். புகாரை டெலிபோனில் சொல்லவேண்டும் என்பது கம்பெனி விதி. இடி விழுந்து செத்த டெலிபோனிலிருந்து எப்படிப் புகார் வரும் என்று நம்பி கேட்டார். மேடம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "நீங்களே அளந்து பாருங்க. சத்தமில்லாம," என்றார். பொறி வெடிப்பதைச் சத்தமில்லாமல் அளப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆனால் கொட்டகைக்கு ஒரு விதி உண்டு. தனியாள் வேலை செய்யக்கூடாது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் மின்தேக்கியில் மிச்சம் தங்கியிருக்கும். அதில் கை பட்டால் ஆள் மிஞ்சமாட்டார். எனவே ஒருவர் நீளமான எர்த் கம்பால் தொட்டு அந்த மிச்சத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டு, தொடலாம் என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் மற்றவர் கிட்டே போகலாம். கம்பைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஒரே ஆள் வேலப்பன்.

மறுநாள் பிற்பகல் இருவரும் கொட்டகைக்குள் நின்றார்கள். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. நம்பி பொத்தானை அழுத்தினார். குழாய் வெடித்த ஓசையில் தகரம் அதிர்ந்தது. திரையில் கோடு ஒருமுறை மின்னி மறைந்தது. பல் இல்லை. கம்ப்யூட்டரில் எழுநூறு வோல்ட்டில் விழித்த குழாய் இங்கே ஆயிரத்தைத் தாண்டியும் தூங்கியிருந்தது. அதற்குள் எந்த டெலிபோனும் கருகியிருக்கும்.

குழாயை மாற்றவேண்டும். வேலப்பன் கம்பை மின்தேக்கியில் வைத்து எடுத்தார்.

"எர்த் வச்சாச்சு, அண்ணே. தொடலாம்."

இத்தனை வருஷமும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நம்பியின் கை தானாக நீளும். பார்க்கக்கூட மாட்டார். இன்று கை பாதியில் நின்றது. பிறகு அது திரும்பி, கம்பைக் கேட்டு வேலப்பன் பக்கம் நீண்டது.

வேலப்பன் அந்தக் கையைப் பார்த்தார். கம்பைக் கொடுத்தார். நம்பி தானே மின்தேக்கியில் வைத்தார். பொறி இல்லை, சத்தம் இல்லை. எல்லாம் சுத்தமாக இறங்கியிருந்தது. வேலப்பன் சொன்னது சரிதான்.

முகத்தைப் பார்க்காமல் கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழாயை மாற்றினார்.

இரண்டாவது வெடி. "தொடலாம், அண்ணே." மறுபடியும் கை நீண்டது. மறுபடியும் பொறி இல்லை.

மூன்றாவது முறை வேலப்பன் தொடலாம் என்று சொல்லவில்லை. மின்தேக்கியில் வைத்து எடுத்த கம்பை அவராகவே நம்பியிடம் நீட்டினார்.