கறுப்பு டேப்புக்குள் ஒரு ரூபாய்

அவர் பைக்கை வாசலில் நிறுத்தியபோது என் கண் நேராகப் பின்பெட்டிக்குப் போனது. மூன்றடி உயரத்துக்கு ஆடிக்கொண்டு நிற்கும் ரேடியோ ஆன்டெனாவைக் காணோம். அந்த இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி முளைத்திருந்தது.

"எப்டி கீது? குட்டையா, அடக்கமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பழசு எங்க?"

"கடையிலியே போட்டுட்டேன். அது இன்னாத்துக்கு இனிமே?"

அந்தப் பழைய ஆன்டெனாவின் அடியில்தான் அவர் உயிரைக் கட்டி வைத்திருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். கியாஸை மூடினோமா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்ப்பேன். இவர் லோடு வேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க ஓட்டியது போதாதென்று, தூரப் பயணத்துக்கென்றே பழைய பெரிய பைக் ஒன்றை வாங்கி, ரேடியோ வைத்து, சேக்காளிகளோடு கொடைக்கானல் கிளம்பினார். அன்று எங்கள் அம்மனை நினைத்து மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்தேன். இவர் இந்த வண்டியை விற்கிற நாளில்தான் முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போடுவேன், அதுவரை இவரைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன்.

ஆனால் நான் வாழ வந்தது சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு. மாமியார் காதுக்கு விஷயம் போனால் அவ்வளவுதான். அதனால் முடிச்சை ஆன்டெனாவின் அடியில் வைத்து, இவருடைய கருவிப்பெட்டியிலிருந்தே கறுப்பு டேப்பை எடுத்து, ஏதோ கம்பி இணைப்பு மாதிரி சுற்றிவிட்டேன். இரண்டு வருடமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் தனுஷ்கோடி கிளம்புவதாக இருந்தது. முடிச்சோ எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

"கீரை வாங்கிக்கினு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறினேன். உட்கார இடமிருந்தும் உட்காரத் தோன்றவில்லை. எதிரே லாரி வரும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எப்போதும் ரேடியோவைக் காட்டுகிற கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த பெரியவர் ஒரு ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்று பைக்கிலிருந்து கழற்றிய பழைய ஆன்டெனா வேண்டும், துணி காயப்போட என்று சொன்னேன். மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடிப்பக்கம் வெறுமையாக இருந்தது. டேப்பின் பசை மட்டும் ஒட்டியிருந்தது.

"இதுல டேப்பு சுத்தி இருந்துதே?" என்றேன்.

பெரியவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஓ! காசு கட்னது நீதானா? ஏம்மா, ரெண்டு வருசமா ரேடியோ கரகரங்குது, கரகரங்குதுன்னு அந்த மனுசன் என் உயிர வாங்கினாரு. நானும் ரேடியோவ மூணு தபா பிரிச்சி மாட்டிட்டேன். ஆன்டெனாவே சரியில்ல, குட்டையா வேற போட்டுர்லாம்னு கழட்டினா, அடியில உங்காத்தா உக்காந்துக்கினு கீறா!"

ஆன்டெனா போனதற்குக் காரணமே நான் கட்டிய முடிச்சுதானா?

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"நானும் ஆடிக்குக் கூழு ஊத்தறவன்மா. போடுவேனா? உன் வூட்டுக்காரர் கையிலியே குடுத்துட்டேன்."

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். குப்பைக்குப் போயிருந்தால்கூட இப்படி இடி விழுந்த மாதிரி இருந்திருக்காது. அவர் கையிலா?

"இன்னா சொன்னாரு?"

"டேப்பத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'கத்திரிக்கோல்ல வெட்டல, பல்லால கடிச்சிருக்குது. எங்க வூட்ல ஒருத்திதான் இப்டி கடிப்பா'ன்னாரு. பையில போட்டுக்கினு போயிட்டாரு."

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வாசலில் நின்று "எப்டி கீது" என்று கேட்டிருக்கிறார். கோபமா? மாமியாரிடம் சொல்லியிருப்பாரா? கோபத்தில் முடிச்சைப் பாலாற்றில் வீசியிருந்தால்?

வீட்டு வாசலில் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் பாட்டு அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. என் கூடையையும், அதிலிருந்து தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாவையும் பார்த்தார்.

"இன்னாம்மே, கீரை இவ்ளோ நீளமா விக்கிறான்?"

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். உள்ளே மாமியார் சாயங்கால ஜெபத்தில் இருந்தார்.

"ஏய், அம்மாக்குக் கேக்கப்போவுது. இங்க வா" என்று சீட்டைத் தூக்கினார். அடியில் வண்டியின் சட்டக் கம்பியோடு சேர்த்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, என் மஞ்சள் முடிச்சைக் கட்டியிருந்தார். அவிழ்க்கவில்லை.

"மழ பெஞ்சாலும் நனையாது. ரேடியோவுக்கும் தொந்தரவு இல்ல. நாளைக்குக் கெளம்பணும், நீயே ஒரு தபா இழுத்துப் பாத்துக்கோ. இல்லாட்டி ராத்திரி பூரா தூங்க மாட்ட."

இழுத்துப் பார்த்தேன். வேனில் லோடு கட்டுகிற முடிச்சு. அசையவில்லை.